தோலுக்கு வைத்தியம் பார்ப்பவர் மூட்டைப் பற்றி ஏன் கேட்கிறார்?

கேள்வி: எனக்கு வயது 38. திருப்பூரில் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மெஷின் ஓட்டுகிறேன். ஒன்பது வருடமாகத் தலையில் சொரியாசிஸ் இருக்கிறது, முழங்கையிலும் கொஞ்சம் உண்டு. ஆயின்ட்மென்ட், தைலம் என்று போட்டு ஓரளவு கட்டுக்குள் வைத்திருக்கிறேன். நான்கு மாதமாகக் காலையில் எழுந்ததும் விரல்களை மடக்க முடியவில்லை. வலது குதிகாலிலும் வலி. போன மாதம் இடது காலில் நான்காவது விரல் முழுக்கச் சிவந்து வீங்கியது, இரண்டு வாரத்தில் தானாகவே வடிந்துவிட்டது. எலும்பு டாக்டரிடம் போனேன். எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. ஆர்.ஏ. ஃபேக்டர் நெகட்டிவ், ஈ.எஸ்.ஆர். நார்மல், யூரிக் ஆசிட் மட்டும் 6.4. அதற்கு மாத்திரை கொடுத்து, “தையல் வேலைதான் காரணம், ஓய்வு எடுங்கள்” என்றார். இப்போது தோல் டாக்டர் ஒரு தாளைக் கொடுத்து, மூட்டைப் பற்றி ஐந்து கேள்விகளுக்குப் பதில் எழுதச் சொன்னார். அதைப் பார்த்துவிட்டு மூட்டுவாத டாக்டரைப் பார்க்கச் சொல்கிறார். தோலுக்கும் மூட்டுக்கும் என்ன சம்பந்தம்? டெஸ்ட் எல்லாம் நார்மல் என்று வந்த பிறகும் இன்னொரு டாக்டரிடம் போகத்தான் வேண்டுமா? மாமியார் ஒருவரிடம் சூரணம் வாங்கித் தருவதாகச் சொல்கிறார், சாப்பிடலாமா? என் மகளுக்கு 11 வயது. அவளுக்கும் வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

— வாசகி, திருப்பூர்

பதில்: சகோதரிக்கு வணக்கம்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஆமாம், போகத்தான் வேண்டும். இந்த மாதமே போய்விடுங்கள். கடிதத்தைப் படித்து ஒரு நோயை உறுதிசெய்ய முடியாது, கையையும் காலையும் தொட்டுப் பார்த்தால்தான் தெரியும். ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் விவரங்களைப் படித்ததும் என்னைப் போன்ற மூட்டுவாத மருத்துவர்களுக்கு முதலில் தோன்றுவது சொரியாட்டிக் ஆர்த்ரைட்டிஸ்தான். சொரியாசிஸ் உள்ளவர்களுக்கு மூட்டிலும் முதுகிலும் வருகிற வாதம் அது. உங்கள் தோல் டாக்டருக்கும் அதே சந்தேகம் வந்திருக்கிறது. நூறு பேர் காத்திருக்கும் ஓ.பி.யில், தலையைப் பார்த்து ஷாம்பு எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிடாமல், அந்தத் தாளைக் கொடுத்து உட்காரவைத்தாரே, அவருக்கு மனதார நன்றி சொல்லுங்கள்.

சரி, தோலுக்கும் மூட்டுக்கும் என்ன சம்பந்தம்? நம் உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி, தேவையில்லாத இடத்தில் மும்முரமாக வேலை செய்வதால் வருவதுதான் சொரியாசிஸ். தோலின் செல்கள் அடியிலிருந்து மேலே வந்து உதிர வழக்கமாக ஒரு மாதம் ஆகும். இந்த நோயில் அது சில நாட்களிலேயே நடந்துவிடுவதால் செதில் செதிலாகக் கொட்டுகிறது. இப்படிச் சிவந்து வீங்குவதைத்தான் அழற்சி என்கிறோம். அதைக் கிளப்பிவிடும் ரசாயனங்கள் ரத்தத்தில் கலந்தவை, தோலோடு நின்றுவிடுவதில்லை. மூட்டைச் சுற்றியிருக்கும் சவ்விலும், தசைநாண்கள் எலும்பில் போய்ச் சேரும் இடங்களிலும், முதுகெலும்பிலும், சிலருக்குக் கண்ணுக்குள்ளும் அதே அழற்சி வரலாம். உலகம் முழுவதும் வெளிவந்த கணக்குகளைச் சேர்த்துப் பார்த்தால், சொரியாசிஸ் உள்ள ஐந்து பேரில் ஏறக்குறைய ஒருவருக்கு மூட்டுவாதம் வருகிறது. பெரும்பாலும் 30 முதல் 50 வயதுக்குள் வரும், ஆண் பெண் வித்தியாசம் கிடையாது. பத்தில் ஏழு பேருக்காவது முதலில் தோலில் வரும், பல வருடம் கழித்து மூட்டில் வரும். அந்த இடைவெளி பத்து வருடம் வரைகூடப் போகும். உங்களுக்கு இப்போது ஒன்பதாவது வருடம்.

இதில் பலர் ஏமாந்துபோகும் இடம் ஒன்று உண்டு. “எனக்குத் தோலில் கொஞ்சம்தானே இருக்கிறது, மூட்டுக்கெல்லாம் போகாது” என்று நினைத்துக்கொள்கிறார்கள். தோல் முழுக்கப் படர்ந்தவர்களுக்கு ஆபத்து கூடுதல்தான். ஆனால் உள்ளங்கை அளவு படை மட்டும் உள்ளவருக்கும் விரல் மூட்டுகள் அரித்துப் போவதை நாங்கள் பார்க்கிறோம். எவ்வளவு இருக்கிறது என்பதோடு எங்கே இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் சொரியாசிஸ் நோயாளிகளைப் பல வருடம் தொடர்ந்து கவனித்து 2009-இல் வெளியிட்ட ஆய்வில் மூன்று இடங்கள் தனித்துத் தெரிந்தன. தலையில் இருந்தவர்களுக்கு மூட்டுவாதம் வரும் வாய்ப்பு சுமார் நான்கு மடங்கு, நகத்தில் இருந்தவர்களுக்குச் சுமார் மூன்று மடங்கு, பிட்டத்தின் நடுப்பிளவில் இருந்தவர்களுக்கு இரண்டு மடங்குக்கு மேல். கடைசி இடத்தைப் பற்றி நோயாளிகள் தாங்களாகச் சொல்லவே மாட்டார்கள். கூச்சம், இல்லையென்றால் அது வேர்க்குரு, படர்தாமரை என்று நினைத்து மெடிக்கலில் ஏதாவது களிம்பு வாங்கிப் போட்டுக்கொண்டிருப்பார்கள். உங்களுக்கு அங்கே அரிப்போ சிவப்போ இருந்தால், போகிற இடத்தில் தயங்காமல் சொல்லுங்கள்.

இனி அந்த ஐந்து கேள்விகள். உங்களிடம் கொடுத்தது அநேகமாக, பெஸ்ட் என்று சுருக்கமாக அழைக்கப்படும் பிரிட்டன் கேள்வித்தாளாக இருக்கும். எப்போதாவது ஒரு மூட்டு வீங்கியதா? உங்களுக்கு மூட்டுவாதம் என்று எந்த டாக்டராவது சொன்னதுண்டா? கை கால் நகங்களில் சின்னச் சின்னக் குழிகள் இருக்கின்றனவா? குதிகாலில் வலி வந்ததா? காரணம் தெரியாமல் ஒரு விரல் முழுக்க வீங்கி வலித்ததா? இவற்றில் மூன்றுக்கு ஆமாம் என்றால் மூட்டுவாத மருத்துவரிடம் அனுப்ப வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. குதிகாலும் விரலும் உங்களுக்கு ஏற்கெனவே உண்டு. காலையில் மடக்க முடியாத அந்தக் கைவிரல்களில் வீக்கமும் இருந்தால் மூன்று ஆகிவிடும். நகத்தைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. இப்போதே பாருங்கள்.

நகத்தை எப்படிப் பார்ப்பது என்று கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். நகப்பூச்சு இருந்தால் துடைத்துவிடுங்கள். ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி விரலைச் சாய்த்துப் பிடியுங்கள். நேராகப் பார்த்தால் வழவழப்பாகத் தெரியும் நகத்தில், சாய்வாகப் பார்க்கும்போது ஊசிமுனையால் குத்தியதுபோல் குழிகள் தெரியும். ஒன்றிரண்டு குழி யாருக்கும் இருக்கலாம். ஒரே நகத்தில் நிறைய இருந்தாலோ, பல நகங்களில் இருந்தாலோ கணக்கில் எடுக்க வேண்டும். நகத்தின் நுனி சதையிலிருந்து விட்டுப்போய் வெள்ளையாக எழும்பியிருக்கிறதா, நகத்துக்கு அடியில் எண்ணெய்த் துளி விழுந்ததுபோல் மஞ்சள் கலந்த பழுப்புத் திட்டு இருக்கிறதா என்றும் பாருங்கள். கால் பெருவிரல் நகம் தடித்து உதிர்வதைப் பூஞ்சை என்று சொல்லி மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டவர்கள் நிறைய உண்டு. பூஞ்சையும் சேர்ந்தே இருக்கலாம்தான். ஆனால் நகத்தைச் சுரண்டி லேபுக்கு அனுப்பிப் பார்க்காமல் அதைச் சொல்ல முடியாது.

நகத்துக்கு நாங்கள் ஏன் இவ்வளவு முக்கியத்துவம் தருகிறோம்? விரல் நுனியைத் தூக்குகிற தசைநாண், கடைசிக் கணுவின் எலும்பில் வந்து முடியும் இடம் நகத்தின் வேருக்கு மிக அருகில் இருக்கிறது. அந்த நாரின் இழைகள் நகவேரைச் சுற்றியே படர்ந்திருக்கின்றன. அங்கே அழற்சி வந்தால் நகமும் கெடும், கடைசிக் கணுவும் வீங்கும். முடக்குவாதம் என்று எல்லோருக்கும் தெரிந்த ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் வழக்கமாக அந்தக் கடைசிக் கணுவை விட்டுவிடும். சொரியாசிஸ் வாதம் அதைத் தேடிப் பிடிக்கும். குதிகால் விஷயமும் இதே வகைதான். கெண்டைக்கால் தசைநாண் குதிகாலின் பின்பக்கம் ஒட்டும் இடமும், பாதத்தின் அடிநார் குதிகாலின் கீழ் ஒட்டும் இடமும் இந்த நோய்க்குப் பிடித்தமானவை. பின்பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். ஒரு கால் அதிகமாக வலிக்கிறதா, தடித்திருக்கிறதா என்று இரண்டு கால்களையும் ஒப்பிட்டுப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும். நாள் முழுக்க மெஷின் பெடலை மிதிக்கிறவருக்குக் குதிகால் வலி வருவது சகஜம், அதை மறுக்கவில்லை. ஆனால் சொரியாசிஸும், விரல் வீக்கமும், காலை நேர இறுக்கமும் கூடவே இருக்கும்போது பெடலை மட்டும் குற்றம் சொல்லி நிறுத்திக்கொள்ள முடியாது.

அந்தக் கால் விரலுக்கு வருகிறேன். நீங்கள் எழுதியதிலேயே என்னை அதிகம் கவலைப்பட வைத்தது அதுதான். ஒரு மூட்டு மட்டும் வீங்கினால் கணுவில் உருண்டையாகத் தெரியும். இதில் விரலின் அடியிலிருந்து நுனிவரை, மூட்டும் தசைநாணும் அதன் உறையும் தோலடிச் சதையும் எல்லாமே வீங்குவதால் விரல் சின்ன வாழைப்பழம்போல் ஒரே பருமனாக ஆகிவிடும். வேறு சில நோய்களிலும் இப்படி வரும் என்றாலும், சொரியாசிஸ் உள்ளவரிடம் இதைப் பார்த்தால் ஏறக்குறைய முடிவே செய்துவிடலாம் என்ற அளவுக்கு வலுவான அடையாளம். இரண்டு வாரத்தில் வடிந்தது என்று நிம்மதி அடைந்துவிட்டீர்கள். இந்த நோய் அப்படித்தான் வந்து வந்து போகும். டாக்டரைப் பார்க்கிற நாளில் விரல் ஒழுங்காக இருக்கும், “ஒன்றும் இல்லையே” என்று அனுப்பிவிடுவார்கள். அதனால் அடுத்த தடவை எங்கே வீங்கினாலும் உடனே செல்போனில் படம் எடுத்துவையுங்கள். இரண்டு காலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு படம், தேதியோடு. எங்களுக்கு அது பல ஸ்கேன்களைவிட உபயோகமாக இருக்கும்.

காலை நேர இறுக்கத்தையும் சரியாகச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். “காலையில் வலிக்கிறது” என்று சொன்னால் டாக்டருக்கு அதிலிருந்து அதிகம் தெரியாது. எழுந்ததிலிருந்து விரல் இலகுவாக எவ்வளவு நேரம் ஆகிறது என்று சொல்லுங்கள். பால் பாக்கெட்டின் முனையைக் கிழிக்க முடிகிறதா, பிளவுஸ் கொக்கி மாட்ட முடிகிறதா, மகளுக்குப் பின்னல் போட முடிகிறதா, இவை எல்லாம் எத்தனை மணிக்குச் சுலபமாகின்றன என்று கவனியுங்கள். தேய்மான வலியில் ஐந்து பத்து நிமிடத்தில் இறுக்கம் போய்விடும், வேலை செய்யச் செய்ய வலி கூடும். அழற்சி வாதத்தில் அரை மணி நேரத்துக்கு மேல் இறுக்கம் நிற்கும், வேலை செய்யச் செய்யக் குறையும், உட்கார்ந்து எழுந்தால் மறுபடி பிடித்துக்கொள்ளும். மெஷின் ஓட்டுவதால் மட்டும் வந்த வலி என்றால் சாயங்காலம்தான் அதிகமாக இருக்க வேண்டும். உங்களுக்குக் காலையில் அதிகம்.

அந்தத் தாளில் இல்லாத ஒரு கேள்வியையும் கேட்டுவிடுகிறேன். முதுகு எப்படி இருக்கிறது? அதிகாலை இரண்டு மூன்று மணிக்கு இடுப்பு, பிட்டம், முதுகு வலித்து விழிப்பு வருகிறதா, எழுந்து கொஞ்சம் நடந்தால் தேவலாம் என்று இருக்கிறதா? ஐந்து கேள்விகளில் ஒன்றுகூட முதுகைப் பற்றிக் கிடையாது என்பதால் முதுகில் ஆரம்பிக்கும் வாதம் அந்தச் சல்லடையில் நழுவிவிடும். அதனால், ஐந்துக்கும் இல்லை என்று எழுதிக் கொடுத்த நோயாளியிடமும் முதுகைப் பற்றி ஒரு வார்த்தை வாய்விட்டுக் கேட்க வேண்டும் என்று தோல் மருத்துவ நண்பர்களிடம் நான் எப்போதும் கெஞ்சுவேன்.

இப்போது உங்கள் பரிசோதனைகள். ஆர்.ஏ. ஃபேக்டர் என்பது முடக்குவாதத்துக்கான சோதனை. சொரியாசிஸ் வாதத்தில் அது பெரும்பாலும் நெகட்டிவாகத்தான் இருக்கும். சொல்லப்போனால், இந்த நோயை வகைப்படுத்த உலகம் முழுக்கப் பயன்படும் 2006-ஆம் வருட காஸ்பர் விதிகளில், ஆர்.ஏ. ஃபேக்டர் நெகட்டிவ் என்பதற்கு ஒரு புள்ளியே தருகிறார்கள். தோலில் இப்போது சொரியாசிஸ் இருந்தால் இரண்டு புள்ளி, நகத்தில் இருந்தால் ஒன்று, விரல் முழுக்க வீங்கியிருந்தால் ஒன்று. மூட்டிலோ முதுகிலோ தசைநாண் ஒட்டும் இடத்திலோ அழற்சி இருப்பதை மருத்துவர் உறுதிசெய்து, மூன்று புள்ளியும் சேர்ந்தால் போதும். உங்களைத் திருப்பி அனுப்பக் காரணமான அந்த நெகட்டிவ் உண்மையில் இந்த நோயின் பக்கம்தான் கை காட்டுகிறது. உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று பார்க்கும் ரத்தச் சோதனைகளான ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. இரண்டும் ஏறக்குறைய பாதி நோயாளிகளுக்கு நார்மலாகவே இருக்கும். எக்ஸ்ரேயில் தெரிவது நோய் எலும்பை அரித்த பிறகு ஏற்படும் மாற்றம். நான்கு மாதத்தில் அது நார்மலாக இருந்தால் நல்லது, சேதம் இன்னும் ஆகவில்லை என்று சந்தோஷப்படலாம். நோயே இல்லை என்று அதற்கு அர்த்தம் இல்லை. ஆரம்ப நிலையைக் காட்டுவது அல்ட்ராசவுண்டும் எம்.ஆர்.ஐ.யும்தான், அவையும் எல்லோருக்கும் தேவைப்படாது. இந்த நோய்க்கென்று ஒரே ஒரு ரத்தப் பரிசோதனை இன்றுவரை கிடையாது. கேட்டும் பார்த்தும் தொட்டும்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது, அந்தக் கேள்வித்தாளின் அவசியமும் அதனால்தான்.

யூரிக் ஆசிட் 6.4 என்பது கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். தோல் செல்கள் வேக வேகமாகப் பெருகி அழிவதாலும், உடல் எடையாலும் சொரியாசிஸ் உள்ளவர்களுக்கு யூரிக் ஆசிட் லேசாக ஏறியே இருக்கும். யூரிக் ஆசிட் மூட்டில் படிந்து வரும் கவுட் என்ற வாதம், மாதவிடாய் நிற்காத பெண்களுக்கு வருவது மிக அரிது. அந்த மாத்திரை வேண்டுமா வேண்டாமா என்பதை மூட்டுவாத மருத்துவரிடம் கேட்டு முடிவுசெய்யுங்கள். எலும்பு டாக்டர்மீது கோபப்படாதீர்கள். அவரிடம் தலையில் இருக்கும் சொரியாசிஸைப் பற்றிச் சொன்னீர்களா? கை வலிக்குப் போகும்போது தலைச் செதிலைப் பற்றிச் சொல்ல யாருக்கும் தோன்றாது, தலைமுடிக்குள் இருப்பது அவர் கண்ணுக்கும் தெரியாது. நம் ஊரில் இன்னொரு குழப்பமும் உண்டு. சிக்குன்குனியா வந்து போனவர்களுக்கு மாதக்கணக்கில் மூட்டுவலி இருக்கும் என்பதால், காய்ச்சல் வந்திருந்தால் எல்லாப் பழியும் அதன்மேல் போய்விடுகிறது.

இவ்வளவு அவசரப்படுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. அயர்லாந்தின் டப்ளினில் செய்து 2015-இல் வெளியான ஆய்வில், முதல் அறிகுறி வந்து ஆறு மாதத்துக்குப் பிறகு மூட்டுவாத மருத்துவரைப் பார்த்தவர்களுக்கு, அதற்கு முன்பே பார்த்தவர்களைவிட எலும்பு அரிப்பும் அன்றாட வேலைகளில் முடியாமையும் கூடுதலாக இருந்தன. பல வருடம் கழித்துப் பார்த்தபோது தெரிந்த வித்தியாசம் இது. ஆறு மாதம் என்பது நம் ஊரில் ஒரு வலி தைலம் தீர்ந்து இன்னொன்று வாங்கும் காலம். அரித்துப்போன எலும்பைத் திரும்ப வளரவைக்க எந்த மருந்தாலும் முடியாது. நீங்கள் நான்காவது மாதத்தில் இருக்கிறீர்கள், இப்போது போனால் நல்ல நேரத்தில் போகிறீர்கள்.

பிரிட்டனில் 2012-லிருந்தே, சொரியாசிஸ் உள்ள ஒவ்வொருவரிடமும் வருடத்துக்கு ஒரு முறையாவது மூட்டைப் பற்றிக் கேட்க வேண்டும், முதல் பத்து வருடத்தில் கூடுதல் கவனம் வேண்டும் என்று அரசின் வழிகாட்டுதலே இருக்கிறது. இதைச் செய்யப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒரு தாள், ஐந்து கேள்வி, காத்திருக்கும் நேரத்திலேயே நோயாளி எழுதிவிடலாம். எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் நர்ஸ் கேட்டு எழுதலாம். ஒவ்வொரு தோல் ஓ.பி.யிலும் தமிழில் அச்சடித்த அந்தத் தாள் இருக்க வேண்டும் என்பது என் வெகுநாள் ஆசை. அதுவரை, இதைப் படிக்கும் சொரியாசிஸ் உள்ள வாசகர்கள் வருடத்துக்கு ஒரு நாள் குறித்துவைத்துக்கொண்டு, மேலே சொன்ன ஐந்தையும், முதுகைப் பற்றியதையும் தங்களையே கேட்டுக்கொள்ளலாம். அக்டோபர் 29 உலக சொரியாசிஸ் தினம், ஞாபகம் வைக்க வசதியான நாள்.

மூட்டுவாத மருத்துவரிடம் போனால் என்ன செய்வார்கள்? மூட்டுகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்ப்பார்கள். நகம், தலை, காதின் பின்புறம், தொப்புள் எல்லாம் பார்ப்பார்கள். ஆகையால் தலைக்கு எண்ணெய் வைக்காமல், நகப்பூச்சு இல்லாமல் போங்கள். பழைய எக்ஸ்ரே, ரிப்போர்ட்டுகள், இப்போது பயன்படுத்தும் எல்லா மருந்துகளின் அட்டைகளையும் எடுத்துச் செல்லுங்கள், தைலமும் அதில் சேர்த்தி. கண் சிவந்து, வலித்து, வெளிச்சம் கூசியது எப்போதாவது உண்டென்றால் அதையும் சொல்லுங்கள். உங்களுக்குப் பக்கத்தில் கோவையிலேயே மூட்டுவாத மருத்துவர்கள் இருக்கிறார்கள். தொலைவில் இருக்கும் வாசகர்களுக்காக: சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை, வேலூர் சி.எம்.சி., புதுச்சேரி ஜிப்மர் ஆகியவற்றில் இதற்கெனத் தனித் துறைகள் உண்டு.

மருந்து என்றால் பயப்பட வேண்டாம். லேசாக இருந்தால் வலியும் வீக்கமும் குறைக்கும் மாத்திரையிலேயே ஆரம்பிப்பார்கள். பல மூட்டுகளில் இருந்தால் எதிர்ப்புச் சக்தியின் வேகத்தைக் குறைக்கும் மெத்தோட்ரெக்ஸேட் போன்றவை, அதற்கும் அடங்காவிட்டால் அழற்சியைக் கிளப்பும் ரசாயனங்களைக் குறிவைத்துத் தடுக்கும் பயாலஜிக் ஊசிகள். ஊசிக்கு முன்னால் காசநோயும் மஞ்சள் காமாலைக் கிருமிகளும் உள்ளனவா என்று பார்ப்பது கட்டாயம். இதில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மெத்தோட்ரெக்ஸேட் வாரத்துக்கு ஒரே ஒரு நாள் சாப்பிட வேண்டிய மருந்து. தினமும் சாப்பிடும் மாத்திரை என்று நினைத்துச் சாப்பிட்டு, வாய் முழுக்கப் புண்ணாகி, ரத்த அணுக்கள் குறைந்து, உயிருக்கே ஆபத்தான நிலையில் வருகிறவர்கள் இன்றும் உண்டு. அதை எழுதிக்கொடுத்தால் எந்தக் கிழமை என்று டாக்டர் முன்னாலேயே சீட்டில் எழுதி வாங்குங்கள். வீட்டில் இன்னொருவரிடமும் சொல்லிவையுங்கள். இன்னொரு குழந்தை வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் மருந்து ஆரம்பிக்கும் முன்பே சொல்லிவிடுங்கள், கர்ப்பத்தில் அந்த மருந்து கூடவே கூடாது.

மாமியார் சொல்லும் சூரணம். அவர் அக்கறையில் சொல்கிறார், அதை மதிக்கிறேன். படித்துப் பதிவு பெற்ற சித்த மருத்துவரிடம் போய், பெயரும் சேர்மானமும் ஒட்டிய மருந்தாக வாங்கினால், அதை எங்களிடம் மறைக்காமல் சொல்லிவிட்டாலே பெரும்பாலும் சிக்கல் இல்லை. வெட்பாலைத் தைலம் தலைக்குப் போடுவதானால் போட்டுக்கொள்ளுங்கள், ஆனால் தலைக்குப் போடும் தைலம் மூட்டுவாதத்தைக் குணப்படுத்தாது. என் பயம் பெயரில்லாத பொட்டலத்தைப் பற்றியது. ‘மூன்றே நாளில் வலி போகும்’ என்று விற்கும் பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பது பலமுறை கண்டுபிடிக்கப்பட்ட விஷயம். மூட்டுவலி சட்டென்று குறையும், தோல்கூடச் சுத்தமாகும். நிறுத்தியதும் சொரியாசிஸ் உடம்பு முழுக்கச் சீறிக்கொண்டு வரும், சிலருக்குச் சீழ்க் கொப்புளங்களாக. அந்த நிலைமை வந்தால் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டிவரும். பெயரில்லாததைத் தொடவே தொடாதீர்கள்.

வேலையை விட வேண்டுமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மனதில் இருக்கும் என்று தெரியும். விட வேண்டாம். நோய் வேலையால் வந்ததல்ல. திரும்பத் திரும்ப அழுத்தம் விழும் இடத்தில் இந்த அழற்சி கிளம்பும் என்பது உண்மை, அதனால் நோய் கட்டுக்குள் வரும்வரை ஒன்றிரண்டு மாதம் செக்கிங் பிரிவுக்கு மாற்றித் தர முடியுமா என்று சூப்பர்வைசரிடம் கேட்டுப் பாருங்கள். டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கிப் போனால் காது கொடுப்பார்கள். எடை கூடுதலாக இருந்தால் குறைப்பது மருந்துக்குச் சமமான உதவி. இத்தாலியில் நடந்த ஓர் ஆய்வில், உடல் எடையில் 5 சதவீதமாவது குறைத்தவர்களிடம் ஊசி மருந்து நன்றாக வேலை செய்தது. 70 கிலோ இருப்பவருக்கு அது மூன்றரை கிலோதான்.

கடைசியாக உங்கள் மகள். சொரியாசிஸ் தொற்றுநோய் அல்ல. ஒரே சீப்பு, ஒரே துண்டு, ஒரே படுக்கை, எதனாலும் அவளுக்கு ஒட்டாது. பரம்பரைத் தொடர்பு உண்டு என்பதால் மற்ற குழந்தைகளைவிட வாய்ப்பு கொஞ்சம் கூடுதல். ஆனாலும் சொரியாசிஸ் உள்ள தாய்மாரின் பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது வருவதில்லை. நன்றாக இருக்கும் குழந்தைக்கு எந்த ரத்தப் பரிசோதனையும் ஜீன் பரிசோதனையும் வேண்டாம், யாராவது எழுதிக் கொடுத்தாலும் ஏன் என்று கேளுங்கள். அவளுக்கு என்றைக்காவது ஒரு விரலோ முழங்காலோ அடிபடாமலே வீங்கி, ஓரிரு வாரத்தில் போகவில்லை என்றால் குழந்தை மருத்துவரிடம் காட்டி, அம்மாவுக்குச் சொரியாசிஸ் என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். குழந்தைகளுக்கு வரும் இந்த வாதத்தில் கண்ணுக்குள் வலியோ சிவப்போ இல்லாமலே அழற்சி இருக்கக்கூடும், அதனால் கண் மருத்துவரும் குறிப்பிட்ட இடைவெளியில் தொடர்ந்து பார்க்க வேண்டியிருக்கும்.